பற்றை இலக்கம் 214

2024 யூலை 11, வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கும் பதினொரு மணிக்கும் இடையில் மன்னார் மாவட்டத்தில் உயிலங்குளத்துக்குத் தெற்கே மருதடிக்குளத்து வயல்வெளியின் மேலாக ஒரு ட்ரோன் பறந்து அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்தது. அன்று குளக்கட்டை ஒட்டிய நாற்பது ஏக்கரில் நெல் நின்றது. அதற்குக் கீழே நூற்றிருபது ஏக்கரில் நெல் இல்லை.

ஏன் இல்லை என்பதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் காணாது. ஆகவே கூட்டம் வைத்து, கட்டை ஒட்டிய மேல் வயலை மட்டும் எல்லோருக்குமாகப் பங்கு போடுவார்கள். ஏக்கருக்குக் கால் ஏக்கர். மேல் வயல் யாருடையது என்ற பேச்சு அந்த நான்கு மாதமும் எழாது. கீழ் வயலில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் தில்லைநாதனுக்கு மேலே முக்கால் ஏக்கர் கிடைத்தது. குறுக்கே சின்ன வரம்பு போட்டு விதைப்பார்கள், அறுவடை முடிந்ததும் அதை உடைத்துவிடுவார்கள். கீழ் வயல்களில் ஊர் மாடுகள் மேயும். முள்ளுப் பற்றை புதராக வளர்ந்து வரம்பில் ஏறி வயலுக்குள்ளும் இறங்கும். புரட்டாதி பிறந்த பிறகுதான் கத்தியைத் தீட்டிக்கொண்டு போவார்கள்.

படத்தில் இதொன்றும் இல்லை. படத்தில் பச்சை இருந்தது, மண்ணிறம் இருந்தது.

அடுத்த வருடம் செப்டெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தில்லைநாதன் வயலிலிருந்து நேரத்தோடு திரும்பி வந்தார். காலையில் கொண்டுபோன கத்தியைச் சுவரோரம் எறிந்த சத்தத்தில் கோழிகள் கலைந்தன. மனைவி மனோன்மணி அடுப்படியில் விரால் துண்டுகளைக் குழம்பில் இறக்கிக்கொண்டிருந்தார். மகள் சிவதர்சினி லீவு நாளென்று தலை முழுகிவிட்டு முற்றத்தில் நின்றாள். அவள் மன்னார் ரவுணில், ட்ரோன் படங்களைப் பார்த்து அரசாங்கத்துக்கு வரைபடம் கீறும் ஒரு கொம்பனியில் இரண்டு வருடமாக வேலை.

"என்னப்பா, பற்றை வெட்டி முடிஞ்சுதே?" என்றார் மனோன்மணி உள்ளிருந்தே.

"வெட்டினால் வழக்காம்."

"ஆர் சொன்னது?"

"விதுசன் மோட்டச்சைக்கிளில ஓடி வாறான். தில்லையண்ணை கத்தியைக் கீழ போடுங்கோ எண்டு கத்திக்கொண்டு வாறான். நான் ஏதோ ஆளை வெட்டுறமாதிரி. என்ர வரம்பில நிக்கிற முள்ளை நான் வெட்ட ஆரிட்டயடி கேக்க வேணும்?"

விதுசன் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த வரைபடத்தை அவன் கைபேசியில் படம் எடுத்திருந்தான். அதில் மருதடியின் கீழ் வயல் முழுவதும் ஒரே துண்டாக, கடும் பச்சையில், 'அரச காணி - பற்றைக்காடு, இலக்கம் 214' என்று இருந்தது. பற்றைக்காட்டை வெட்டக்கூடாது, உழக்கூடாது. மாரி மழையோடு விதைக்கும் காலபோகப் பட்டியலில் அது வராது. பட்டியலில் இல்லாத வயலுக்கு உரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் வரைபடத்துடன் எழுத்தில் தரவேண்டும்.

"இஞ்ச பார் பிள்ளை," தில்லைநாதன் கைபேசியை மகளிடம் நீட்டினார். "நீ இதுதானே படிச்சனீ. இதைக் கீறின நாய் ஆரெண்டு கண்டுபிடிக்கேலுமே?"

சிவதர்சினி இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள். கீழ்க்கோடு வாய்க்காலோடு திரும்பும் மூலையில் மூன்று புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. கொம்பனியில் மற்றவர்கள் மூலைக்கு ஒரு புள்ளி வைப்பார்கள். மூலை கூராக நிற்காமல் மண் வரம்பு மாதிரி மெல்ல வளைய வேண்டுமென்று மூன்று வைப்பது அவள் ஒருத்திதான். அடியில் பொடி எழுத்தில் 'வரைந்தவர்: தி.சி.' என்றிருந்தது. அதைப் பார்க்க முன்னரே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, இது நான் கீறினது."

"எது?"

"இந்தத் துண்டு."

மனோன்மணி அகப்பையோடு வாசலுக்கு வந்தார். தில்லைநாதன் மகளுக்குக் கிட்ட வந்தார்.

"உனக்கு எங்கட வயல் தெரியாதே? நீ நடக்கப் பழகினது அந்த வரம்பிலதானே?"

"மேலால பார்த்தால் தெரியாதப்பா. எங்களுக்கு ஊர்ப்பேர் தாறேல்லை. படத்தைச் சதுரம் சதுரமா வெட்டி இலக்கம் போட்டுத் தருவினம். ஒரு நாளைக்கு அறுபது சதுரம் முடிக்கவேணும்."

"மாட்டுக்குக் குறி சுடேக்கயும் ஆற்ற மாடு எண்டு கேட்டுத்தான் சுடுறது. நூத்திருபது ஏக்கரை ஒருத்தரையும் கேக்காமலோ சுட்டனியள்?"

"பயிர் நிக்காத இடம் எல்லாம் பற்றை எண்டு போடச் சொன்னவை. நான் பற்றை பற்றையாத்தான் கீறினனான். பிறகு, முட்டிக்கொண்டு நிக்கிறதை எல்லாம் ஒண்டாக்கச் சொல்லிச்சினம். ஒரு பெட்டி இழுத்தால் அதுக்குள்ள அம்பிட்டதெல்லாம் மஞ்சளாகும். பிறகு ஒரு பட்டன்."

"ஒரு பட்டனோ."

"ஓம்."

"மேல் வயலில என்ன கீறினனீ?"

அவள் படத்தை விரலால் தள்ளி மேல் வயலைக் காட்டினாள். மேல் வயலின் சின்ன வரம்புகளை அவள் மிகக் கவனமாகக் கீறியிருந்தாள். அறுவடையோடு உடைத்துவிட்ட வரம்புகள் எல்லாம் வரைபடத்தில் நிரந்தரக் காணி எல்லைகளாக நின்றன. கோடுகள் சுத்தமாக இருக்கின்றன என்று அந்தச் சதுரத்துக்குக் கொம்பனிக் கந்தோரில் பாராட்டும் கிடைத்தது.

"இல்லாத வரம்பைக் கீறியிருக்கிறாய். இருக்கிற வரம்பை அழிச்சிருக்கிறாய்," என்றார் தில்லைநாதன். "இதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?"

"சாப்பிட்டிட்டுச் சண்டை பிடியுங்கோ," என்றார் மனோன்மணி. "குழம்பு ஆறுது."

கோபத்தில் சாப்பாட்டை விட்டெழும்பும் பழக்கம் தில்லைநாதனுக்கு இல்லை. கோபம் வந்தால் அவர் கூடுதலாகச் சாப்பிடுவார். அன்று மூன்று தரம் சோறு போட்டார். மகளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை சிவதர்சினி கந்தோரில் அந்தச் சதுரத்தைத் திறந்தாள். ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே இரண்டு அறை, எட்டுக் கொம்பியூட்டர், ஒரு ஏசி. துண்டின் மேல் அம்புக்குறியை வைத்து ஒருதரம் கிளிக் பண்ணினாள். நூற்றிருபது ஏக்கரும் மஞ்சளாகியது. எல்லைக்கோடு முழுவதும் புள்ளிகள் எழும்பின. ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அந்த லேயரை, படத்தின் அந்த அடுக்கையே, பூட்டியிருந்தார்கள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த றிஸ்மினா எட்டிப் பார்த்தாள். அவள் சிலாவத்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"என்னடி, காலங்காத்தால திரையை முறைக்கிறா?"

"எங்கட வயலைப் பற்றை எண்டு போட்டிருக்கிறன்."

றிஸ்மினா கதிரையைக் கிட்ட இழுத்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "உனக்கு இப்பதான் சுடுது," என்றாள். "எங்கட பக்கம் சனம் இருவது வருசம் அகதியாப் போய்த் திரும்பி வரேக்க, வாப்பாட காணியில மரம் நிண்டிச்சு. மரம் நிண்டாக் காடுதானே? வாப்பா கிணத்தைக் காட்டினாரு. காட்டுக்க கிணறு ஆருடி வெட்டுவா? கேட்டதுக்குப் படத்தில கிணறு தெரியல்லயாம்."

"அதுக்குப் பிறகுமோ இந்த வேலைக்கு வந்தனீ?"

"நீ மட்டும் என்னத்துக்கு வந்தா?"

றிஸ்மினா கதிரையைத் தன் மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

அணித் தலைவர் கொன்ஸ்ரன்ரைன் கீரி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். நாற்பது வயது, அமைதியான மனிதர், வெள்ளை நிற அரைக்கைச் சேட்டைத் தவிர வேறொன்றும் போட்டு யாரும் கண்டதில்லை. சிவதர்சினி சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது குடுத்து முடிஞ்ச வேலை, தர்சினி. கொழும்பில பூட்டியிருக்கினம். நான் நினைச்சாலும் திறக்கேலாது."

"பிழை சேர்."

"பிழைதான். நீர் உம்மட அப்பாட துண்டை மட்டும் சொல்லும். கீறினதில வந்த வழு எண்டு ஒரு கடிதம் வைப்பம். மூண்டு ஏக்கர்தானே, விடுவினம்."

"மற்ற நாப்பது பேர்?"

"அவையள் ஆட்சேபம் எழுதட்டும்."

"வரைபடத்தோட எழுதச் சொல்லியிருக்கு. அவையளுக்கு ஆர் கீறிக் குடுக்கிறது? பட்டனைத் தட்டினது நான். நீங்கள் அதைச் சரியெண்டு பார்த்து அனுப்பினனீங்கள்."

அவள் குரல் உயர்ந்ததில் அறையில் மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கொன்ஸ்ரன்ரைன் எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சத்தம் போடாதையும். கீரிக் கரையைப் போய்ப் பாரும், எங்கட சனம் வள்ளம் ஏத்துற இடம். படம் எடுத்த அண்டைக்கு வள்ளமெல்லாம் கடலில. வெறும் மணல் எண்டு கீறியிருக்கு. அதை அனுப்பினதும் நான்தான். என்ர தமையன் இண்டைக்கும் என்னோட கதைக்கிறேல்லை."

"அப்ப ஏன் சேர் சும்மா இருக்கிறியள்?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "கந்தோர் நேரத்தில கீறாதையும். கந்தோர் கொம்பியூட்டரில கீறாதையும். ஊர்ச்சனம் ஆட்சேபத்தோட கொண்டுவந்து தந்தால் நான் மேல அனுப்புவன். அதுமட்டும்தான் என்னால ஏலும்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழ் வயலில் முப்பத்தைந்து பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். தெற்குப் பக்கம் மழை கறுத்து நின்றது, ஆனால் காற்று அசையவில்லை. படத்தில் அந்த ஒரே துண்டை வயல் வயலாக வெட்டுவதானால் வரம்பு எங்கே போகிறது என்று தெரியவேண்டும். யூலைப் படத்தில் வரம்பு முள்ளுக்குள் மூடிக் கிடந்தது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வரம்பில் நடக்க, சிவதர்சினி பின்னால் நடந்து மூலைக்கு மூலை கைபேசியில் புள்ளி பதிய வேண்டும் என்று ஏற்பாடு. முள்ளை வெட்டத் தடை. ஆகவே நாற்பத்தொரு வயல்காரரும் தங்கள் சொந்த வரம்பில் குனிந்தும் தவழ்ந்தும் போனார்கள்.

"கோயிலுக்கு அங்கப்பிரதட்சணம் செய்யாத பாவம் இப்ப தீருது," என்றான் விதுசன், உடுத்திருந்த சாரத்தில் கொழுவிய முள்ளை எடுத்துக்கொண்டே.

"பகிடி விடாத. காலைப் பார், ரத்தம்," என்று ஒருவர் கத்தினார். "கீறினவளை முன்னுக்கு விடுங்கோவன். அவள் முதல் தவழட்டும்."

சிவதர்சினி முன்னுக்குப் போனாள். யாரும் மறிக்கவில்லை, தில்லைநாதனும் மறிக்கவில்லை. பத்து மணிக்குள் அவளது இரண்டு கைகளிலும் முழங்கை வரை கீறல். ஒவ்வொரு மூலையிலும் நின்று, கைபேசி இடத்தைப் பிடிக்கும்வரை ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நின்றவர் எவரோ அவரும் தன் பங்குக்கு ஏதாவது சொன்னார். கந்தோர்க்காரி என்றார்கள். மேலேயிருந்து பார்த்தால் நாங்களும் பற்றையாகத்தான் தெரிவோமோ என்று கேட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றாள், புள்ளியைப் பதிந்தாள், அடுத்த மூலைக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு மனோன்மணி ஒரு வாளி மோரும் கஞ்சிப் பானையும் கொண்டுவந்து இறக்கினார். குடித்துவிட்டு எழும்பியபோது பதினாறு வயல் முடிந்திருந்தது. பதினேழாவது தில்லைநாதனுடையது. அதன் கிழக்கு வரம்புக்கு அப்பால் அன்னப்பிள்ளையின் இரண்டு ஏக்கர். அன்னப்பிள்ளைக்கு அறுபத்தெட்டு வயது. புருசன் செத்து இருபது வருடமாகத் தனியே வயல் செய்கிறவர். குடையை ஊன்றிக்கொண்டு வரம்பின் நடுவில் வந்து நின்றார்.

"தம்பி தில்லை, இந்த வரம்பு எங்கால போகுது எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஏன் அக்கா, உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியும். உன்ர மேளின்ர போனுக்குத் தெரியுமோ எண்டுதான் கேட்டனான். ஒரு பட்டனில நூத்திருபது ஏக்கரை விழுங்கின பிள்ளை. தேப்பனுக்காண்டி ஒரு முழம் இஞ்சால தள்ளி வைக்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"அன்னமக்கா, வாயை அளந்து கதையுங்கோ."

"நான் எதை அளக்கிறது? அளக்கிற சாமான் எல்லாம் உங்கட வீட்டிலதானே கிடக்கு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் தில்லைநாதனின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறினார்.

"பிள்ளை, புள்ளியை வரம்பில வைக்காத. எங்கட பக்கம் ஒரு முழம் உள்ளுக்கு வை."

"அப்பா, அப்பிடிச் செய்தால் இடையில ஒரு கீலம் ஆருக்கும் இல்லாமக் கிடக்கும்."

"அப்ப அக்காவுக்குச் சேர்த்து வை. அவவே வைச்சிருக்கட்டும்." பிறகு எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "இன்னும் ஒண்டு. இந்தத் துண்டுக்காரன் கீறினவளின்ர தேப்பன் எண்டு அதிலயே எழுது. கள்ளம் செய்தவை எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லப்படாது. எழுதுவியோ, மாட்டியோ?"

"எழுதுறன்."

"இப்பவே எழுது. எல்லாரும் பார்க்க."

சிவதர்சினி கைபேசியில் குறிப்புப் பெட்டியைத் திறந்து தட்டினாள். விதுசன் அதை வாங்கி உரத்து வாசித்தான்: "காணிக்காரர் வரைந்தவரின் தந்தை." அன்னப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு வரம்பை விட்டு இறங்கினார். "அப்பிடியெண்டால் சரி," என்றார். அந்த ஒரு முழத்தை வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

மிச்சத்தை நடந்து முடிக்கப் பின்னேரம் ஐந்து மணியானது.

ஞாயிறு முழுவதும் சிவதர்சினி வீட்டில் சொந்த மடிக்கணினியில் வேலை செய்தாள். புள்ளிகளை இறக்கி, 214ஐத் தெரிவு செய்து, வரம்பு வரம்பாக வெட்டினாள். வெட்டுக்கோட்டைத் துண்டுக்கு வெளியே தொடங்கி மறுபக்கம் வெளியே கொண்டுபோய் முடிக்கவேண்டும். உள்ளே தொடங்கினால் மென்பொருள் வெட்டாது, பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் மஞ்சள் பாதியாகி, இன்னொரு பாதியாகிச் சிறுத்தது. தில்லைநாதன் ஒருதரம் பின்னால் வந்து நின்றார்.

"இப்ப தெரியுதோ?"

"தெரியுதப்பா."

"அப்பவே தெரிஞ்சிருக்க வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிழமையில் அவர் அவளோடு வீட்டுக்குள் பேசிய முதல் பேச்சு அது.

திங்கட்கிழமை விதுசன் நாற்பத்தொரு கையெழுத்து வைத்த ஆட்சேபத்தையும் வரைபடத்தையும் கந்தோருக்குக் கொண்டுவந்து கொடுத்தான். கொன்ஸ்ரன்ரைன் சொன்னபடியே வாங்கினார். ஒவ்வொரு துண்டாகக் கிளிக் பண்ணிப் பார்த்தார். பதினேழில் நின்றார். சிவதர்சினியைக் கூப்பிட்டார்.

"இந்தக் குறிப்பை எடும்."

"அப்பா ஊருக்கு முன்னால எழுதச் சொன்னது சேர்."

"ஊர் வேற, பைல் வேற. மேல இருக்கிறவன் வயலைப் பார்க்க மாட்டான். இந்தப் பெட்டியைத்தான் பார்ப்பான். மூண்டு சொல்லு அழிச்சால் போதும். ஒருத்தருக்கும் தெரியாது."

"விதுசன் உரத்து வாசிச்சவன். நாப்பது பேருக்குத் தெரியும்."

"நாப்பது பேரோ உம்மட அப்பாட வயலை உழப்போகினம்?"

அவள் திரையைப் பார்த்தாள். பெட்டியில் ஐந்து சொல் கூட இல்லை. தெரிவு செய்து அழிக்க இரண்டு செக்கன். இத்தனை நாளும் அந்த இரண்டு செக்கனில்தானே எல்லாவற்றையும் செய்தோம் என்று நினைத்தாள்.

"உள்ளது உள்ளபடி கிடக்கட்டும் சேர். நூத்திருபது ஏக்கரில பொய்யைக் கீறேக்க ஒருத்தரும் என்னை மறிக்கேல்லை. இதையாவது மறிக்காதையுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். வெளியே வந்ததும் றிஸ்மினா அவளது கையிலிருந்த முள்ளுக் கீறல்களைப் பார்த்தாள். "மருந்து ஏதாச்சும் பூசினியா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் நவம்பர் 6 அன்று வந்தது. அப்போது இரண்டு மழை பெய்து மண் பதமாகியிருந்தது. விதுசன் கடிதத்தைச் சேவை நிலையத்திலிருந்து நேரே தில்லைநாதன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முற்றத்தில் நின்றே வாசித்தான். 214-1 முதல் 214-16 வரையும், 214-18 முதல் 214-41 வரையும் வயல் நிலமாகத் திருத்தப்பட்டன. 214-17, வரைந்தவருக்கும் காணிக்காரருக்கும் உறவு உண்டென்று ஆவணத்திலேயே காணப்படுவதால், தனி விசாரணைக்கு ஒதுக்கப்பட்டது. விசாரணைத் திகதி பின்னர் அறிவிக்கப்படும். அதுவரை நிலத்தின் வகை மாறாது.

"திருப்பி வாசி," என்றார் தில்லைநாதன்.

விதுசன் திருப்பி வாசித்தான்.

"ஒளிச்சிருந்தால் விட்டிருப்பாங்கள். அப்பிடித்தானே?"

"அண்ணை, நாங்கள் எல்லாருமாப் போய்க் கதைப்பம்."

"எப்ப? விதைச்சு முடிஞ்ச பிறகோ?"

விதுசன் கடிதத்தை மடித்தான். அவனுடைய வயல் 214-22. உழவு இயந்திரத்துக்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்குச் சொல்லி வைத்திருந்தான்.

மனோன்மணிதான் பிறகு சத்தம் போட்டார். "நாப்பது பேருக்கும் என்ர பிள்ளை முள்ளுக்குள்ள தவழ்ந்தவள். ஒருத்தராவது, அந்த ஒரு துண்டையும் தராட்டி எங்கட கடிதத்தைத் திருப்பி எடுங்கோ எண்டு சொல்லுவியளோ? சொல்ல மாட்டியள். மழை வந்திட்டுது. போ தம்பி, போய் உழு."

தில்லைநாதன் மனைவியை அடக்கவில்லை. சுவரோரம் ஆறு கிழமையாகக் கிடந்த கத்தியை எடுத்து, துருவைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, கூரைக்குள் செருகினார். மகளைப் பார்த்து, "நீ எழுதினது சரிதான்," என்றார். குரலில் ஆறுதல் இல்லை, கோபம்தான் இருந்தது. ஆனால் அது அவள்மேல் அல்ல.

மாத முடிவோடு சிவதர்சினியின் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப்படமாட்டாது என்று கொம்பனி அறிவித்தது. நவம்பர் 14க்குள் மருதடிக்குளத்துக் கீழ் வயலில் நாற்பது துண்டுகளில் விதைப்பு முடிந்தது. 214-17இல் பற்றை நிற்கிறது.